கண்ணாடிக்கு முதுகு காட்டி

எங்கள் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடம் ஒரு காலத்தில் வேதியியல் துறையினர் உடைந்த மேசைகளையும் பழைய குடுவைகளையும் போட்டு வைத்திருந்த அறை. அதைக் காலி செய்து வெள்ளையடித்து, இரண்டு பெஞ்சுகளும், கம்பியைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சிக்கான ஒரு ஸ்குவாட் ரேக்கும் கொஞ்சம் டம்பெல்களும் வாங்கிப் போட்டபோது, முன்னாள் மாணவர் ஒருவர் தம் அன்பளிப்பாக ஒரு பக்கச் சுவர் முழுவதற்கும் கண்ணாடி பதித்துக் கொடுத்தார். மாணவியருக்கு மாலை 3.30 முதல் 4.30 வரை, மாணவருக்கு 5 முதல் 7 வரை என்று நேரம் பிரித்தோம். மாணவியருக்கு ஒரு மணி நேரம்தானா என்று கேட்பவர்களிடம், கல்லூரிப் பேருந்து 4.45-க்குப் புறப்பட்டுவிடும் என்று சொல்கிறோம். அது உண்மைதான் என்றாலும் முழு உண்மை அன்று.

பதினேழு ஆண்டுகளாக உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். பிள்ளைகளின் வாயில் ‘பி.டி. மேடம்’. அந்த அறை திறந்த முதல் மாதத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். மாணவர்கள் கண்ணாடியை நோக்கி நின்று பயிற்சி செய்தார்கள். மாணவியர் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன் ஒவ்வொரு முறை டம்பெல்லைத் தூக்கும்போதும் தன் புயத்தைப் பார்த்துக்கொள்வான். முடித்த பிறகு பனியனை ஏற்றிவிட்டு வயிற்றைப் பார்ப்பான். பக்கத்தில் நிற்பவனிடம் கைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வான். மாணவியரோ துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக முடிந்துகொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். ஆண்பிள்ளைகளுக்குத் தம் உடம்பு பிடித்திருக்கிறது, பெண்பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொண்டு, பல ஆண்டுகள் அப்படியே மற்றவர்களிடமும் சொல்லி வந்தேன். பாதி தவறான அர்த்தம் அது.

அப்படி நினைப்பதற்கு நான் படித்த படிப்பும் ஒரு காரணம். எங்கள் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்று 1985-இல் வெளிவந்தது. ஃபாலன், ரோசின் என்ற இருவர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் 475 பேரிடம், மிக மெலிந்த உருவத்தில் தொடங்கி மிகப் பருத்த உருவத்தில் முடியும் ஒன்பது கோட்டுப் படங்களைக் கொடுத்தார்கள். இதில் நீ எது, எதைப் போல இருக்க விரும்புகிறாய், எதிர்பாலினத்தவருக்கு எது பிடிக்கும் என்று நினைக்கிறாய், எதிர்பாலினத்தவரில் உனக்கு எது பிடிக்கும் என்பவை கேள்விகள். மாணவர்கள் முதல் மூன்று கேள்விகளுக்கும் ஏறக்குறைய ஒரே படத்தைக் காட்டினார்கள். மாணவியரின் விடைகள் மூன்று இடங்களில் விலகி நின்றன. தாம் இருப்பதாக நினைத்த உருவம் பருமனானது. ஆண்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் கருதியது அதைவிட மெலிந்தது. தாம் அடைய விரும்பியது அதைவிடவும் மெலிந்தது. நான்காவது கேள்விதான் விஷயத்தைப் புரட்டிப் போட்டது. ஆண்களுக்கு எவ்வளவு ஒல்லியான பெண்கள் பிடிக்கும் என்று மாணவியர் எண்ணினார்களோ, ஆண்கள் உண்மையில் காட்டிய படம் அவ்வளவு ஒல்லியாக இல்லை. மாணவர்களும் தப்பாகத்தான் கணித்திருந்தார்கள். பெண்கள் விரும்பியதைவிடப் பருத்த ஆணுருவத்தைப் பெண்கள் விரும்புவதாக நினைத்தார்கள். இல்லாத ஒரு கண்ணுக்காக இரு தரப்பும் உடம்பைச் சரிசெய்ய முயல்கின்றன என்று அன்று எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை.

ஆனால் அந்த முடிவின் முதல் பகுதியை, அதாவது பையன்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்பதை, நான் அப்படியே விழுங்கியிருக்கக் கூடாது. பெண்களில் பெரும்பாலோர் ஒரே திசையில், மெலிவை நோக்கி ஆசைப்படுகிறார்கள். எனவே சராசரி எடுத்தால் அந்த ஆசை பளிச்சென்று தெரிந்துவிடும். பையன்களிலோ ஒருவன் இளைக்க வேண்டும் என்கிறான், இன்னொருவன் உடம்பு போட வேண்டும் என்கிறான். இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் எல்லாரும் திருப்தி என்று விடை வரும். போதாக்குறைக்கு, அந்த ஒன்பது படங்களும் கொழுப்பின் அளவில் வேறுபட்டனவே தவிர, தசையைக் காட்டவில்லை. பையன்களின் ஏக்கம் முழுவதும் தசையில் இருக்கும்போது, தசையே இல்லாத படத்தைக் கொடுத்து நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

இதை 2000-ஆம் ஆண்டில் ஹாரிசன் போப் என்ற மனநல மருத்துவரின் குழு வேறு விதமாகக் கேட்டது. ஆஸ்திரியா, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலும் கல்லூரி வயது ஆண்களிடம், கொழுப்பையும் தசையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கக்கூடிய உருவங்களைக் கணினித் திரையில் காட்டினார்கள். அவர்கள் ஆசைப்பட்ட உடம்பு, தங்கள் உடம்பைவிடச் சராசரியாக 13 கிலோ கூடுதல் தசை கொண்டது. பெண்களுக்குப் பிடிக்கும் என்று அவர்கள் கருதியது 14 கிலோ கூடுதல் தசை கொண்டது. பெண்களைக் கேட்டபோது அவர்கள் தேர்ந்தெடுத்ததோ, கூடுதல் தசை எதுவும் இல்லாத சாதாரண ஆணுடம்பு. 13 கிலோ தசை என்பது எத்தகைய எண் என்று உடற்பயிற்சி செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்; ஒழுங்காக உண்டு, ஒழுங்காக உறங்கி, ஓராண்டு முழுவதும் விடாமல் வெயிட் தூக்கும் இளைஞனுக்கு அதில் பாதி சேர்ந்தாலே பெரிது. இதே சோதனையைப் பின்னர் தைவானில் செய்தபோது அங்குள்ள ஆண்களிடம் இந்த ஏக்கம் குறைவாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே இது ஆண் என்பவனின் இரத்தத்தில் வருவதில்லை. பார்த்துப் பழகுவதில் வருகிறது.

ஃபாலன், ரோசின் ஆய்வின் அந்த ஒன்பது படங்களை நகலெடுத்து ஒரு முறை மூன்றாமாண்டு வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். ஆய்வு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. பெயர் எழுத வேண்டாம், பென்சிலால் குறித்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். விடைகளைவிடத் தாள்கள்தான் எனக்கு அதிகம் பேசின. ஒரு தாளில் ‘நான் இப்போது’ என்ற கேள்விக்கு நேராகக் குறியிட்டு, அழித்து, மீண்டும் குறியிட்டு, மீண்டும் அழித்து, கடைசியில் தாளே கிழிந்திருந்தது. இன்னொரு தாளில் இரண்டாவது படத்தைக் குறித்து, பக்கத்தில் ‘ஓமக்குச்சி’ என்று எழுதியிருந்தது. அது ஒரு பையனின் தாள். பள்ளியில் அவனை யாரோ அழைத்த பெயராக இருக்க வேண்டும்.

ஒல்லியான பையனின் அவமானத்தை நம் ஊரில் யாரும் அவமானமாகவே எண்ணுவதில்லை. பெண்ணின் பருமனைப் பற்றிப் பேசுவது தவறு என்றாவது இப்போது கொஞ்சம் பேருக்குத் தெரிந்திருக்கிறது. ‘காத்தடிச்சா பறந்துடுவான்’ என்பதை இன்னமும் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறோம். அப்படிப் பேச்சு வாங்கிய பையன்தான் முதலாமாண்டின் இரண்டாவது மாதத்தில் என்னிடம் வந்து, ‘மேடம், மாஸ் கெய்னர் வாங்கலாமா?’ என்று, உடம்பு போட வைக்கும் என்று விற்கப்படும் மாவைக் கேட்கிறான். அவனுடைய விடுதிச் சாப்பாடு காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு சப்பாத்தி குருமா, வாரத்தில் இரண்டு நாள் முட்டை. அவன் வாங்க நினைக்கும் டப்பாவின் விலை அவன் அப்பாவின் ஒரு வாரக் கூலியைத் தாண்டும். அந்த டப்பாவில் பெரும்பகுதி மாவுச் சத்தும் சர்க்கரையும்தான் என்பதைப் பின்பக்க அட்டையைப் படிக்க வைத்துக் காட்டுகிறேன். 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, சுண்டலும் பாலும் பெட்டிக்கடையிலேயே கிடைக்கின்றன என்றும் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் வெளியிலுள்ள ஜிம்முக்குப் போய், அங்கே ‘கோர்ஸ்’ என்ற செல்லப் பெயரில் போடப்படும் ஊசி வரைக்கும் போய்விடுகிறார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறும்போது உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும், விதைகள் சுருங்கும், முதுகெல்லாம் பரு வரும், பிள்ளைப்பேற்றுக்கே பாதிப்பு வரலாம், சிலருக்கு மார்பகம் பெரிதாகும் என்று நான் சொல்லும்போது கடைசியாகச் சொன்னதற்கு மட்டும்தான் அவர்கள் முகம் மாறுகிறது. ஆண்மையின் அடையாளமாக நினைத்துப் போட்டுக்கொண்டது அதற்கு நேர்மாறானதைத் தரும் என்பதை அவர்களால் தாங்க முடிவதில்லை.

மார்பகம் என்றவுடன் ஒரு மாணவன் நினைவுக்கு வருகிறான். நல்ல கால்பந்தாட்டக்காரன். சித்திரை வெயிலிலும் ஜெர்சிக்குள் இறுக்கமான இரண்டு பனியன்கள் போட்டுக்கொண்டு ஆடுவான். ஒருமுறை மயங்கி விழுந்த பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. பருவ வயதுப் பையன்களுக்கு மார்புத் திசு சற்றே பெருப்பது மிகச் சாதாரணமான ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் தானே வடிந்துவிடும். வடியாதவர்களுக்கு மருத்துவம் இருக்கிறது. இந்த மூன்று செய்திகளை அவனுக்கு இருபது வயது வரை ஒருவரும் சொல்லவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பனியனை ஏற்றிப் பார்க்கும் கூட்டத்தில் அவன் இருந்ததே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கண்ணாடியைப் பார்க்கும் பையன்களை மட்டும் எண்ணிக்கொண்டு, அந்த அறைக்குள்ளேயே வராத பையன்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மாணவியர் பக்கம் வருகிறேன். இங்கே என் குற்றம் ஒன்றையும் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆண்டுத் தொடக்க உடற்தகுதிச் சோதனையின்போது மாணவியரை வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பேன். எடையை நான் உரக்கச் சொல்ல, மேசையில் இருக்கும் உதவியாளர் பதிவேட்டில் எழுதுவார். வேலை சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர அதில் வேறு எண்ணம் இல்லை. 78 என்று நான் சொன்னபோது வரிசையின் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பள்ளியில் மாவட்ட அளவில் குண்டு எறிந்தவள் அந்தப் பெண். அதன் பிறகு மூன்றாண்டுகளும் மைதானத்தின் பக்கமே வரவில்லை. இப்போது எடையைத் தனியறையில், ஒவ்வொருவராக, விருப்பம் இருந்தால் மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்வதால் அவள் திரும்ப வந்துவிடப் போவதில்லை.

எடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று இனிப்பாகப் பேசிவிட்டுப் போகவும் என்னால் முடியவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள் அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். ஆண்களில் 37 விழுக்காடு. அதே கணக்கெடுப்பில், அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இந்த இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் என் மாணவியரைப் புரிந்துகொள்ள முடியும். இரண்டாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் பெண், தான் குண்டாக இருப்பதால்தான் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுகிறாள். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினால், 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 9-இல் நிற்கிறது. அவளுக்கு வேண்டியது முருங்கைக்கீரையும் ஈரலும் இரும்புச்சத்து மாத்திரையும். அவள் செய்துகொண்டிருப்பதோ வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிப்பது.

சுவரில் ஒட்டியிருக்கும் பி.எம்.ஐ. அட்டவணை இதில் எந்த உதவியும் செய்வதில்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கிய பெல்ஜிய நாட்டுக் கேத்தலே ஒரு கணிதவியலாளர், புள்ளியியலாளர்; ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியவர், தனி மனிதரின் உடல்நலத்தை அளக்க வந்தவர் அல்லர். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை என்று இப்போது கணக்கு வைக்கிறார்கள். குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வரும் வாகு நமக்கு உண்டு என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த அட்டவணை எங்கள் கபடி அணித் தலைவனை அதிக எடைக்காரன் என்கிறது. ஹீமோகுளோபின் 9 உள்ள பெண்ணை ‘இயல்பு’ என்ற பச்சைக் கட்டத்தில் உட்கார வைக்கிறது.

மெலிய வேண்டும் என்ற ஆசையோடு மாணவியருக்கு இரண்டு பயங்கள் சேர்ந்துகொள்கின்றன. ஒன்று, வெயிலில் ஆடினால் கறுத்துவிடுவோம் என்பது. இது அவர்களுடைய பயமே அன்று, வீட்டிலிருந்து கொடுத்தனுப்பியது. படிப்பு முடிந்ததும் பெண் பார்க்க வருவார்கள் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. இன்னொன்று, ‘வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவோமா மேடம்?’ என்பது. ஆண் உடம்பில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் பெண் உடம்பில் சுரப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் என்பதால், டம்பெல் தூக்கிய மாத்திரத்தில் யாருக்கும் பயில்வான் புயம் வந்துவிடாது என்று விளக்குவேன். பி.சி.ஓ.டி. என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறது என்று மருத்துவரின் சீட்டோடு வருபவர்களுக்குத்தான் வெயிட் பயிற்சி இன்னும் நல்லது, இன்சுலின் சரியாக வேலை செய்ய அது உதவும் என்றும் சொல்வேன். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கிய கர்ணம் மல்லேஸ்வரிதான் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்பதையும் சொல்வேன். சொல்லும்போதே, புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சவுந்தரராஜனுக்கு 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் கிடைத்த வெள்ளிப் பதக்கம், பாலினச் சோதனை என்ற பெயரில் பறிக்கப்பட்டது எனக்கு நினைவு வரும். ஓடி ஜெயித்த உடம்பைப் பார்த்து நீ பெண்தானா என்று உலகமே கேட்ட ஊரில் நின்றுகொண்டு, ஆம்பளை மாதிரி ஆகமாட்டாய், பயப்படாதே என்று மட்டும் சொல்வது போதாது. அந்தப் பயம் சும்மா வந்ததன்று.

கண்ணாடிக்குத் திரும்புகிறேன். 1998-இல் ஃபிரெட்ரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சோதனை ஒன்றில், கல்லூரி மாணவ மாணவியரைத் தனித்தனியே ஆளுயரக் கண்ணாடி உள்ள அறையில் விட்டு, சிலரை நீச்சல் உடையையும் சிலரை ஸ்வெட்டரையும் அணியச் சொல்லிக் கணக்குத் தேர்வு வைத்தார்கள். நீச்சல் உடையில் இருந்த மாணவியர் ஸ்வெட்டரில் இருந்த மாணவியரைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். மாணவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்ப்பவர் இல்லாதபோதும் தன்னைத் தானே வெளியில் நின்று பார்த்துக்கொள்ளும் வேலையில் மனத்தின் ஒரு பகுதி போய்விடுகிறது. கணக்குக்கே இந்தக் கதி என்றால் ஸ்குவாட் செய்வதற்கு என்னவாகும்?

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரண்டாமாண்டு மாணவி, 3.30 மணி வகுப்பில் அந்தக் கண்ணாடியை மூடிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். விளையாட்டு விழாவுக்கு அடித்த பழைய ஃபிளெக்ஸ் ஒன்று ஸ்டோரில் கிடந்தது. அதைக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். சிறப்பு விருந்தினரின் முகம் சுவர் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்ததால், அடுத்த நாள் திருப்பித் தொங்கவிட்டோம். இரண்டு வாரங்களில் இடுப்பில் முடிந்திருந்த துப்பட்டாக்கள் பெஞ்சின் மேல் வந்து விழுந்தன. ஸ்போர்ட்ஸ் பிரா எங்கே வாங்குவது, என்ன விலை என்ற பேச்சு என் காதுபடவே நடந்தது. அதுவரை ஓட்டப் பயிற்சிக்கு வராதவர்கள் பலர் வராததற்கு ஓடுவதற்கு ஏற்ற உள்ளாடை இல்லாததுதான் காரணம் என்று பெண்ணாக இருந்தும் எனக்குத் தோன்றாமல் போனதை எண்ணி வெட்கப்பட்டேன். வெறும் கம்பியைத் தோளில் வைக்கவே கூசியவர்கள் 40 கிலோவுக்கு வந்தார்கள்.

இதே கல்லூரியில், கண்ணாடியைப் பற்றிய கவலையே இல்லாத ஒரு கூட்டமும் உண்டு. சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் பயிற்சி எடுக்க விடியற்காலை 5 மணிக்கு மைதானத்துக்கு வரும் மாணவ மாணவியர் அவர்கள். பையன்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், மார்பு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அளவுகள் கடுமையானவை; உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தவர்கள் அழுது பார்த்திருக்கிறேன். ஆனாலும் அங்கே ஒரு பெண்ணிடம் போன வாரம் எப்படி இருந்தாய் என்று கேட்டால், நிமிடமும் நொடியும்தான் விடையாக வருகிறது. வெயில் ஏறியும் அவள் போவதில்லை. ‘இன்னும் ஒரு ரவுண்டு மேடம்’ என்கிறாள். மாலை 5 மணிக்கு மேல் மைதானம் பையன்களுக்கு, அதற்குள் பெண்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற எழுதப்படாத சட்டம் விடியற்காலைக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை என்று நிர்வாகத்தில் ஒருமுறை கேட்டேன். அரசு வேலை விஷயம் என்றார்கள். பேருந்து நேரத்துக்குப் பின்னால் இருக்கும் மீதி உண்மை இதுதான். பெண்ணின் உடம்பு வேலைக்காக வலுவாகலாம். அவளுக்காகவே வலுவாவதற்கு ஒரு மணி நேரம் போதும்.

சென்ற ஐப்பசி மழையில் ஜன்னல் வழியாக வந்த காற்று அந்த ஃபிளெக்ஸின் ஒரு பக்கக் கயிற்றை அறுத்துவிட்டது. இரண்டு மாணவியர் அதைக் கவனிக்கவே இல்லை. கம்பியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திறந்து கிடந்த கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று, ‘முதுகு வளையுதா பாரேன்’ என்று ஒருத்தி கேட்க மற்றவள் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பெண், அந்த ஆண்டுதான் சேர்ந்தவள், கதவருகிலேயே நின்றுவிட்டு என்னிடம் வந்து, ‘கயிறு இருக்கா மேடம்?’ என்றாள். கட்டிக் கொடுத்தேன். பழைய கயிறு நீளம் போதவில்லை. ரேக்குக்கு எதிரே உள்ள பகுதி மட்டும் இப்போதும் திறந்தே இருக்கிறது.